நீலப் பலகைக்குப் பின்னால்

கதவைத் திறந்தால் ஒரே நீலம். அலமாரி முழுக்க நீலம், தரையில் சுருட்டி வைத்த நீலம், மேசைக்கு அடியில் கட்டுக்கட்டாக நீலம். எல்லாவற்றிலும் வட்டமாக அதே பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரங்கள். ஆசையாக ஒரு காலை உள்ளே வைத்தேன். "ஐயோ, மிதிச்சிடாதீங்க! அது அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகணும்" என்று கூட வந்த அம்மணி என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

ஐரோப்பாவுக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் இந்த நீலப் பலகையைப் பார்த்திருப்பார்கள். பாலத்து முகப்பில், நூலக வாசலில், டிராம் வண்டியின் ஜன்னலோரத்தில், சில ஊர்களில் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில்கூட. 'ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன்' என்று ஒரு வரி இருக்கும். நாமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்த ஒரு வரிக்கு முன்னால் எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்று உள்ளே புகுந்து பார்க்க யாருக்குக் கொடுப்பினை? எனக்குக் கிடைத்துவிட்டது! தெற்குப் போலந்தில், சைலீசியா நிலக்கரி வட்டாரத்தின் தலைநகரான கத்தோவித்சேயில், இந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் எட்டிப் பார்க்க அனுமதி வாங்கிவிட்டேன். நிபந்தனைகள் உண்டு. யார் பெயரும் போடக் கூடாது. முகம் தெரியும்படி படம் எடுக்கக் கூடாது. மேசையில் கவிழ்த்து வைத்த தாளை நிமிர்த்தக் கூடாது. அவ்வளவுதான். வாங்க, என் பின்னாலேயே வாங்க.

அந்த நீலக் கிடங்கிலேயே முதல் பாடம் கிடைத்தது. வட்டார வளர்ச்சி நிதியில் நடக்கும் திட்டத்தின் மொத்தச் செலவு 5 லட்சம் யூரோவைத் தாண்டினால் நிரந்தரமாக நிற்கும் பலகை வைத்தாக வேண்டும். அதற்குக் கீழே என்றால் குறைந்தது ஏ-3 அளவில் ஒரு சுவரொட்டி, இல்லாவிட்டால் அதே அளவுக்கு ஒரு திரை. ஒட்டாமல் விட்டவர்களைத் திருத்தச் சொல்வார்கள். அப்போதும் ஒட்டாவிட்டால் மானியத்தில் 3 சதவீதம் வரை வெட்டிவிடலாம் என்று சட்டமே இருக்கிறது. ஒரு சுவரொட்டிக்காக ஆயிரக்கணக்கில் யூரோ போகும்! "அதனால்தான் இந்த அறைக்குப் பூட்டு" என்று அம்மணி சாவியை ஆட்டிக் காட்டினார். சாவிக்கொத்தில் தொங்கியது ஒரு குட்டி நிலக்கரித் துண்டு. இந்த ஊரில் எதுவும் நிலக்கரி இல்லாமல் நடக்காது போலிருக்கிறது.

மாடியேறிக்கொண்டே பணக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1973-இல் பிரிட்டனும் அயர்லாந்தும் டென்மார்க்கும் அன்றைய ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தன. அதைத் தொடர்ந்து, பின்தங்கிய வட்டாரங்களுக்குக் கைகொடுக்க 1975-இல் வட்டார வளர்ச்சி நிதி பிறந்தது. 1988-இல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஜாக் டெலோர் காலத்தில் விதிகளைப் புதுப்பித்துத் தொகையையும் இரட்டிப்பாக்கினார்கள். இன்று 2021-2027 காலத்துக்கு, ஒருங்கிணைப்புக் கொள்கை என்று பெயர் பெற்ற இந்த உதவிக்கு ஒதுக்கியிருப்பது ஏறத்தாழ 39,200 கோடி யூரோ. ஒன்றியத்தின் பட்ஜெட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஒரு வட்டாரத்தின் தலைக்கு வருமானம் ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே என்றால், திட்டச் செலவில் 85 சதவீதம் வரை பிரஸ்ஸல்ஸ் ஏற்கும். எல்லாரையும்விடப் பெரிய பங்கு வாங்குவது போலந்து, சுமார் 7,600 கோடி. 2004-இல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஒன்றியச் சராசரியில் பாதியளவே இருந்த அந்த நாட்டு வருமானம், இன்று ஐந்தில் நான்கு பங்கைத் தொட்டிருக்கிறது. அதில் எவ்வளவு இந்தப் பணத்தால், எவ்வளவு மற்றதால் என்று கேட்டால் பொருளாதார அறிஞர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். மூச்சு வாங்குகிறதா? எனக்கும்தான். மூன்றாம் மாடி வந்துவிட்டது.

நடைபாதையில் இரண்டு பக்கமும் கோப்புப் பெட்டிகள். எல்லாம் கணினிமயம் என்றார்களே என்று கேட்டேன். "கணினிமயம்தான். இதெல்லாம் அதுக்கு முந்தைய காலம்" என்றார் அம்மணி. கடைசிப் பணம் கொடுத்த ஆண்டின் டிசம்பர் 31-இலிருந்து ஐந்து வருடம் ஆவணங்களைக் காப்பாற்றி வைக்க வேண்டுமாம். ஒரு பெட்டியின் மேல் மணிபிளான்ட் மாதிரி ஒரு கொடி படர்ந்து, அடுத்த பெட்டியின் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தது. தணிக்கைக்குப் பெட்டியை எடுத்தால் கொடியும் கூடவே போகும்.

இப்போது மதிப்பீட்டு அறை. இங்கேதான் விண்ணப்பங்களுக்கு மார்க் போடுவார்கள். நான் எதிர்பார்த்தது பளபளக்கும் மாநாட்டு மேசை. இருந்தது பிஸ்கட் துணுக்குகள், ஐந்தாறு காபிக் கோப்பைகள், உடைந்த ஜன்னல் பிடியைத் தாங்கி நிற்கும் ஒரு மடித்த அட்டை. நடப்பு விண்ணப்பங்களையெல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். பயிற்சிக்கென்று வைத்திருக்கும் பழைய விண்ணப்பம் ஒன்றை, பெயர்களை மையடித்து, என் கையில் கொடுத்தார்கள். ஒரு சிற்றூரில் பாழடைந்த கட்டடத்தைப் பண்பாட்டு மையமாக மாற்றும் திட்டம். வழுக்கைத் தலையும் தொங்கு மீசையுமாக ஒரு மதிப்பீட்டாளர், 'ஆண்டு வருகையாளர்' என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

"இந்த எண்ணைப் பாருங்க. ஊர்ல இருக்கிற எல்லாரும் வரணும். எல்லாரும் மாசத்துக்கு ரெண்டு தடவை வரணும். நாயையும் கூட்டிட்டு வரணும். அப்பவும் கொஞ்சம் இடிக்குது."

எதிரில் இருந்த இளம்பெண் விடவில்லை. "கூரை நல்ல கூரையா போட்டிருக்காங்க. அதுக்கு மார்க் இல்லையா?"

"கூரைக்கு மார்க் போட்டுட்டேன். கூரைக்குக் கீழே யாரு?"

நான் தாளைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். டென்னிஸ் ஆட்டம் தோற்றது! ஆனால் இந்தக் கொள்கையின் ஐம்பதாண்டுத் தலைவலி அந்த இரண்டு வாக்கியத்திலும் வந்துவிட்டது. எத்தனை கிலோமீட்டர் சாலை, எத்தனை பேருக்குப் பயிற்சி என்பதை எண்ணிவிடலாம். அந்தச் சாலையால் யாருக்கு வேலை வந்தது, பயிற்சி முடித்தவர் எங்கே போனார் என்பதை எண்ணுவது கஷ்டம். ஆகவே முதலாவதை எண்ணிவிட்டு இரண்டாவதையும் எண்ணியதாகப் பல காலம் பாவனை செய்துவந்தார்கள். மீசைக்காரர் அலமாரியிலிருந்து முனை மடங்கிய ஓர் அறிக்கையை உருவினார். 2014-இல் ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் போலந்து உட்பட ஐந்து நாடுகளில் ஒன்றிய நிதியில் வளர்ந்த 20 விமான நிலையங்களைப் பார்த்துவிட்டு எழுதியது. போட்ட பணத்துக்குத் தேறவில்லை என்று தலைப்பிலேயே போட்டு உடைத்திருக்கிறார்கள். "புதுசா யாராவது வேலைக்குச் சேர்ந்தா, முதல் நாள் இதைத்தான் படிக்கக் கொடுப்பேன்" என்றார். இளம்பெண், "ரெண்டாம் நாளும்" என்றார்.

ஏன் இப்படி ஆகிறது? பதில் சுவரில் தொங்கியது. பெரிய நாட்காட்டி ஒன்று. டிசம்பர் மாதத்தைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரில் தீ வளையம் மாதிரி ஒரு வட்டம். இந்த ஆண்டுக்கென்று ஒதுக்கிய பணத்துக்கு அடுத்த மூன்றாம் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் செலவுக் கணக்கு பிரஸ்ஸல்ஸ் போய்ச் சேராவிட்டால் அந்தத் தொகை கையைவிட்டுப் போய்விடும். அலுவலக மொழியில் 'N கூட்டல் மூன்று'. 2027-க்கான கடைசி ஒதுக்கீட்டுக்குப் பொதுவாக இரண்டே ஆண்டுதான். பணத்தைத் திருப்பி அனுப்பினோம் என்ற பெயரை எந்த அரசியல்வாதி வாங்கிக்கொள்வார்? ஆக, ஆண்டுக் கடைசி நெருங்கினால் நல்ல திட்டத்தைவிடச் சீக்கிரம் முடியும் திட்டத்துக்கு மவுசு கூடிவிடும். "தார் யாரையும் ஏமாத்தாது" என்பது இந்த மாடியின் பழைய ஜோக். சாலை போட்டால் நாலு மாதத்தில் பில் வந்துவிடும். மனிதர்களை மாற்றும் திட்டத்துக்கு அவ்வளவு சீக்கிரம் பில் வருமா?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் ஊரில். இவர்கள் அளப்பதில் கெட்டிக்காரர்கள், சந்தேகமே இல்லை. ஆற்றில் என்ன ஆனது என்று பார்க்கத்தான் யாருக்கும் நேரம் இல்லாமல் இருந்தது. அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதே இந்தக் கட்டடத்தில் நான் கண்ட நிஜமான சண்டை.

சரி, காலணியை மாற்றுங்கள். களச் சோதனைக்குப் போகிறோம்!

அலுவலக வேனில் ஓட்டுநரைத் தவிர இரண்டு பெண் அதிகாரிகள், ஓர் அளவு நாடா, ஒரு டார்ச், ஒரு பை நிறைய ஆப்பிள். "சோதனைக்குப் போற இடத்துல யார்கிட்டயும் எதுவும் வாங்கிச் சாப்பிட மாட்டோம். காபிகூட" என்று மூத்தவர் ஒரு பழத்தை என்னிடம் நீட்டினார். போகிற வழியில் பழைய சுரங்கத்தின் இரும்புச் சக்கரக் கோபுரம் ஒன்று, அதன் காலடியில் புத்தம் புதிய பல்பொருள் அங்காடி. சைலீசியாவில் இன்னும் சுரங்கங்கள் இயங்குகின்றன. கடைசிச் சுரங்கத்தை 2049-க்குள் மூடுவதாக அரசும் தொழிற்சங்கங்களும் 2021-இல் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதற்குள் வேறு பிழைப்பைத் தேட வேண்டும் என்பதற்காகவே ஒன்றியத்தின் நியாயமான மாற்றத்துக்கான நிதியிலிருந்து இந்த ஒரு வட்டாரத்துக்கு மட்டும் 200 கோடி யூரோவுக்கும் மேல் வந்திருக்கிறது.

நாங்கள் இறங்கியது ஒரு சின்னப் பட்டறையில். உலோகத் தகடு வெட்டும் இயந்திரம் ஒன்றை மானியத்தில் வாங்கியிருக்கிறார்கள். முதலாளி ஐம்பதைத் தாண்டியவர். அன்றைக்கென்றே இஸ்திரி போட்ட சட்டை, ஆனால் கைமுட்டியில் கிரீஸ். இரண்டு பெண்களையும் "பானி, பானி" என்று மரியாதையாக அழைத்து முன்னும் பின்னும் ஓடினார். சுவரொட்டி? இருக்கிறது, சட்டம்கூடப் போட்டிருக்கிறார். இயந்திரம்? இருக்கிறது, ஓடுகிறது, தீப்பொறி பறக்கிறது. வரிசை எண்?

அங்கேதான் வந்தது வினை. விலைப்பட்டியலில் உள்ள எண்ணும் இயந்திரத்தில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். எண் பொறித்த தகடு இயந்திரத்தின் பின்பக்கம், சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. முதலாளி பக்கவாட்டில் திரும்பி நுழைந்து பார்த்தார், தொப்பை விடவில்லை. ஒல்லியாக ஒரு பயிற்சிப் பையனைக் கூப்பிட்டார்கள். அவன் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தான். வந்ததெல்லாம் சிலந்தி வலை. மறுபடி. டார்ச்சை நான்தான் பிடித்தேன், பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்! மூன்றாவது முறை எண் தெளிவாக விழுந்தது. மூத்த அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்தார். இளையவர் தாளில் டிக் போட்டார். பட்டறையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசி இலக்கம் பொருந்தியதும் முதலாளி இஸ்திரிச் சட்டையின் கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கிரீஸ் ஒரு கோடாக இழுத்தது. யாரும் சொல்லவில்லை.

வாங்கிய இயந்திரத்தைப் பெரிய நிறுவனம் ஐந்து வருடம், சிறு தொழில் என்றால் மூன்று வருடம் இடம் மாற்றாமல், விற்காமல் வைத்திருக்க வேண்டும். எனவே சோதனை மறுபடியும் வரலாம். எல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தபோதுதான், படிவத்தில் இல்லாத கேள்வியை மூத்தவர் சும்மா கேட்டார்: "இது வந்தபிறகு என்ன மாறிச்சு?" முதலாளி கொஞ்சம் யோசித்தார். முன்பு வெளியூரில் கொடுத்து வெட்டி வாங்கிய தகடுகளை இப்போது இங்கேயே வெட்டுவதாகவும், சுரங்கத்தில் வேலை பார்த்த இருவரைச் சேர்த்திருப்பதாகவும், ஒருவருக்கு வரைபடம் படிக்க வந்துவிட்டது, இன்னொருவருக்கு இன்னும் வரவில்லை என்றும் சொன்னார். நான் கேட்டவற்றிலேயே சுவையான செய்தி அதுதான். அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. மூத்தவர் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

மதியச் சாப்பாடு அலுவலக உணவகத்தில். நடுவில் குழி விழுந்த உருளைக்கிழங்கு உருண்டை, அந்தக் குழி நிறையக் குழம்பு, ஓரத்தில் ஊதா முட்டைக்கோஸ். சைலீசியாவின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாம், விருந்தாளிக்காகச் செவ்வாயன்றே போட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசையில்தான் மனிதர்கள் உண்மை பேசுவார்கள். கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் பழைய காலத்தை நினைத்துச் சிரித்தார். ஒரு பயிற்சி வகுப்புக்கு டாக்ஸி ரசீது, ஸ்டேப்ளர் பின் ரசீது, தண்ணீர் பாட்டில் ரசீது என்று பெட்டி பெட்டியாக வருமாம். ஒரு ரசீது மங்கிப்போனால் அதற்கு விளக்கக் கடிதம், கடிதத்துக்குப் பதில் கடிதம்.

இப்போது விதி மாறியிருக்கிறது. மொத்தச் செலவு 2 லட்சம் யூரோவுக்குள் உள்ள திட்டங்களுக்கு, சில விலக்குகள் தவிர, ரசீதுக் கணக்கே கூடாது. தலைக்கு இவ்வளவு, மொத்தமாக இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி வைத்த தொகைதான். வேலை நடந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள். முன்பு ஒவ்வொரு பில்லையும் பிரித்து மேய்ந்த சோதனையும் இப்போது ஆபத்து எங்கே அதிகமோ அங்கே மட்டும். இந்தக் காலத்துக்கென்று இப்படி 80 எளிமைப்படுத்தல்களை ஒரு கையேடாகவே போட்டது ஐரோப்பிய ஆணையம். எந்தத் தலைவரும் ரிப்பன் வெட்டாத சீர்திருத்தம் இது. எனக்கோ இந்த ஐம்பதாண்டில் நடந்த நல்ல காரியங்களில் இதற்கு முன்வரிசையில் இடம் தரத் தோன்றுகிறது. ஸ்டேப்ளர் பின்னை எண்ணாத மனிதருக்குத்தானே பட்டறை முதலாளியின் பேச்சைக் கேட்க நேரம் இருக்கும்?

எல்லாருக்கும் அப்படி மகிழ்ச்சி இல்லை. 2025 ஜூலையில் ஆணையம் அடுத்த காலத்துக்கான யோசனையை வெளியிட்டது. பல நிதிகளைச் சேர்த்து நாட்டுக்கு ஒரு பெருந்திட்டமாகக் கட்டி, பில்லுக்குப் பணம் என்பதற்குப் பதிலாக எட்டிய இலக்குக்குப் பணம் கொடுக்கலாம் என்கிறது அது. பேச்சு அங்கே போனதும் மேசை இரண்டாகப் பிரிந்தது. விளைவுக்குப் பணம் என்றால் நல்லதுதானே என்று ஒரு கட்சி. பெட்டிச் சாவி தலைநகருக்குப் போய்விடும், வட்டாரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்று மறு கட்சி. உருளைக்கிழங்கு உருண்டை ஆறிப்போகும் அளவுக்குச் சூடு. இதில் நான் இரண்டாம் கட்சி. உள்ளூரை அறிந்தவர்கள் கையில்தான் இந்தப் பணம் வேலை செய்யும் என்று இத்தாலியப் பொருளாதார அறிஞர் ஃபாப்ரிசியோ பார்கா 2009-லேயே ஆணையத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதை மறுக்கும் எதையும் நான் அந்தப் பட்டறையில் பார்க்கவில்லை.

பிற்பகலில் ஒரு குறும்பு. இது மே மாதம். ஒன்றியத்தில் சேர்ந்த மாதம் என்பதால் போலந்து முழுக்க ஐரோப்பிய நிதியில் எழுந்த இடங்கள் மக்களுக்குப் பின்கதவைத் திறந்து காட்டும் நாட்கள் மேயில்தான். அப்படித்தான் சைலீசிய அருங்காட்சியகத்துக்குள் நழுவினோம். 1823-இல் தோண்டத் தொடங்கி 1999-இல் மூடிய சுரங்கத்தின் மேல் எழுந்தது அது. காட்சிக்கூடமெல்லாம் தரைக்கு அடியில், மேலே வெளிச்சத்துக்குக் கண்ணாடிப் பெட்டிகள். பக்கத்திலேயே வானொலி சிம்பொனி இசைக்குழுவின் செங்கல் மண்டபம், கூரை மேல் புல் முளைத்த மாநாட்டு மையம், பறக்கும் தட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும் பழைய ஸ்போதெக் அரங்கம். அந்த அரங்கம் 1971-இலிருந்து நிற்கிறது, மற்ற மூன்றிலும் ஒன்றியத்தின் பணம் இருக்கிறது.

பார்வையாளர் நுழையாத வாசல் வழியே இறங்கினோம். ஓவியம் ஏற்றும் பெரிய லிஃப்டில் ஓவியம் இல்லை. துடைப்பமும் வாளியும் இருந்தன, ஒரு பிளாஸ்டர் தலை வாளிக்குள் எட்டிப் பார்த்தது. மரப்பெட்டிகளின் மேல் 'கவனம்' என்று நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. அதன் மேல் யாரோ ஒருவரின் பாதி சாண்ட்விச். எங்களுக்கு வழிகாட்டியவர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. தலையைக் குனிந்தே நடந்தார். கூரை உயரமாக இருந்தும் பழக்கம் போகவில்லையாம். எத்தனை பேர் வருகிறார்கள் என்று நான் ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வர்றவங்களை எண்றாங்க. கதவுல கருவியே இருக்கு. ரெண்டாவது தடவை வர்றவங்களை எண்றாங்களா? என் தெருவுல இருந்து வந்தவங்களை எண்றாங்களா?"

கூட வந்த நிதி அலுவலக அம்மணி முகத்தைப் பார்க்க வேண்டுமே! கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டார். தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம். அதன்பின் அவர் சொன்ன எல்லாவற்றையும், டிராம் தாமதம் உட்பட, எழுதச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார்.

திரும்பி வந்ததும் நான் காண ஏங்கிய அறைக்குப் போனோம். நடைபாதைக் கடைசியில், நகல் இயந்திரத்தின் உறுமலுக்குப் பக்கத்தில், விளைவு ஆய்வுப் பிரிவு. பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு மாடி முழுக்க ஆட்கள். போய்ச் சேர்ந்து என்ன செய்தது என்று பார்க்க இந்தச் சின்ன அறை. இரண்டு மேசை, ஒரு சைக்கிள் ஹெல்மெட், கொள்ளாத ஆர்வம். அங்கே இருந்த இளைஞர் என்னை உட்காரவைத்து ஒரு வரைபடத்தைத் திறந்தார். கோதன்பர்க் பல்கலைக்கழகம் 2010-இலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் கணிப்பு அது. அரசு அலுவலகம் நேர்மையாக, பாரபட்சமில்லாமல் நடக்கிறதா என்று வட்டாரம் வட்டாரமாக மக்களையே கேட்டு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பெக்கர், எக்கர், ஃபான் ஏர்லிக் என்று மூன்று பொருளாதார அறிஞர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னார். அதிக மானியம் பெற்ற வட்டாரங்களில் சுமார் 30 சதவீதம்தான் அந்தப் பணத்தை வேகமான வருமான வளர்ச்சியாக மாற்ற முடிந்ததாம். போதுமான கல்வியும் உருப்படியான நிர்வாகமும் இருந்த வட்டாரங்கள் அவை. "அப்படின்னா இந்த ஜன்னல் பிடியைச் சரிபண்றதும் வளர்ச்சித் திட்டம்தான்" என்றார் அடுத்த மேசைக்காரர். அந்த அறையிலும் ஜன்னல் பிடி உடைந்திருந்தது.

அவர்கள் பொறாமைப்படுவது இத்தாலியைப் பார்த்து. அங்கே பார்கா அமைச்சராக இருந்த 2012-இல் ஒவ்வொரு திட்டத்தின் பணக்கணக்கையும் யாரும் பார்க்கும்படி 'ஓப்பன்கோயெசியோனே' என்ற தளத்தில் ஏற்றினார்கள். அடுத்த ஆண்டே அதைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார்கள். மாணவர்கள் தங்கள் ஊர்த் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நேரில் போய்ப் பார்த்து, அதிகாரிகளைக் கேள்வி கேட்டு, கண்டதை வெளியிடுகிறார்கள். "தணிக்கையாளர் வந்தா காபி கொடுக்கலாமான்னு யோசிப்பாங்க. பதினாறு வயசுப் பொண்ணு வந்து 'இது ஏன் பூட்டிக் கிடக்கு'ன்னு கேட்டா எங்க போய் ஒளிவாங்க?" என்று இளைஞர் மேசையைத் தட்டினார். 15 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒன்றியத் திட்டங்களை வரைபடத்தில் தேடிப் பார்க்க ஆணையமே 2022-இல் 'கொஹேசியோ' என்ற தளத்தைத் திறந்தது. கதவு திறந்தாகிவிட்டது, கேள்வி கேட்கும் பெண்தான் எல்லா ஊருக்கும் கிடைக்கவில்லை.

அதற்குள் கீழே களேபரம். அன்று மாலை நான்கு மணிக்கு விண்ணப்பம் மூடும் நாள்! ஓடினோம். உதவி மையத்தில் எல்லாத் தொலைபேசியும் அலறிக்கொண்டிருந்தது. காலையில் மல்லாடிய அதே இளம்பெண் தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு தொலைபேசியில் பேசினார். ஒருவருக்குக் கோப்பு ஏற மறுக்கிறது. ஒருவருக்கு மின்கையெழுத்து நேற்றோடு காலாவதி. ஒரு பேரூரின் மேயர் பல் மருத்துவரின் நாற்காலியில் இருக்கிறார், வாய் மரத்துவிட்டது, கையெழுத்தைக் கைப்பேசியிலேயே போட வேண்டும். "வாய் வேண்டாம், விரல் போதும்னு சொல்லுங்க!" என்று இவர் கத்த, அறையே குலுங்கியது.

இந்தமுறை படிவத்தில் விளைவு ஆய்வுக்காரர்கள் கெஞ்சிக் கூத்தாடி நுழைத்த புதுக் கேள்வி ஒன்று இருந்தது: இந்தத் திட்டம் முடிந்தபின் யாருடைய அன்றாடம் எப்படி மாறும்? எண் வேண்டாம், எழுதினால் போதும். அதிகம் அழைப்பு வந்தது அந்தக் கேள்விக்குத்தான். "எத்தனை சதுர மீட்டர்னு போடலாமா?" "வேண்டாங்க, யாருன்னு எழுதுங்க." "பயனாளிகள்னு எழுதட்டுமா?" "யாராவது ஒருத்தரை மனசுல வெச்சு எழுதுங்க." மறுமுனையில் பெருமூச்சு எனக்கே கேட்டது. மீசைக்காரர் கதவோரம் சாய்ந்து, கேக்கைக் கடித்தபடி ரசித்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணி. திரையில் சாம்பல் நிறம் விழுந்தது. மேயரின் விரல் மூன்று நிமிடம் முன்னால் வந்து சேர்ந்திருந்தது, கைதட்டினார்கள். இளம்பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நாற்காலியில் ஏற்றிக்கொண்டார். உடனே மறுபடி தொலைபேசி. எடுத்தார், கேட்டார், கண்ணை மூடிக்கொண்டார். நிராகரித்தால் மறுப்பு மனு போட எத்தனை நாள் என்று யாரோ கேட்கிறார்.

"பதினாலு நாள் இருக்கு, ஐயா" என்றார் பொறுமையாக. "ஆனா முதல்ல நாங்க படிச்சு நிராகரிக்கணுமே!"